டி.பார்ம் முடித்து நேராக பி.பார்ம் இரண்டாம் ஆண்டு: ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பிடிபடவில்லை

மதுரையில் லேட்டரல் என்ட்ரியில் மூன்றாம் செமஸ்டர் சேர்ந்திருக்கிறேன். மருந்துப் பெயர்களெல்லாம் அத்துப்படி. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 2 மட்டும் தலைகீழாக நின்றாலும் ஏறவில்லை. முதல் தாளான ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 1 இரண்டாம் செமஸ்டரிலேயே முடிந்துவிடுவதால், எங்களுக்கு எடுத்த எடுப்பிலேயே பென்சீன். பென்சீன் வளையத்தில் நைட்ரோ தொகுதி இருந்தால் அடுத்து வரும் தொகுதி மெட்டாவில் (ஒரு கார்பன் தள்ளி) போய் உட்காரும் என்று மனப்பாடமாகச் சொல்வேன். எலக்ட்ரான் அம்புக்குறி போட்டு ஏன் என்று காட்டச் சொன்னால் பேனா நகராது.

பிளஸ் டூ புத்தகம், யூடியூப், சீனியர் நோட்ஸ் எல்லாம் பார்த்தாயிற்று. நோட்ஸில் விடை இருக்கிறது, காரணம் இல்லை. இங்கே டியூஷன் எடுப்பவர்கள் நீட் பிள்ளைகளுக்கு மட்டும்தானாம்! இன்டர்னல் 25 போக, டிசம்பரில் 75 மதிப்பெண்ணுக்குப் பல்கலைக்கழகத் தேர்வு.

முதல் தாளில் எந்தெந்தப் பகுதிகளை, எந்த வரிசையில் படித்தால் இதைப் பிடிக்கலாம்?