முதல் வில்லுக்கு எத்தனை பவுண்டு?

கொழிஞ்சாம்பாறை தோப்புக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். வில்வித்தையை முறையாகக் கற்கும் ஆசை எனக்கு நாற்பதை நெருங்கும் வயதில்தான் வந்திருக்கிறது. சக்கரங்கள் வைத்த காம்பவுண்டு வில் வேண்டாம், பழைய பாணி வில்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு கடையில் 40 பவுண்டு இழுவிசை கொண்ட டேக்டவுன் ரிகர்வ் (பகுதிகளாகக் கழற்றி மாட்டக்கூடிய, நுனிகள் எதிர்ப்பக்கம் வளைந்த) வில்லைக் காட்டி, ஆண்களுக்கு இதுவே சரியான அளவு என்றும், பழகப் பழகக் கை வந்துவிடும் என்றும் சொன்னார்கள். முதல் முறை தாடை வரை இழுத்துவிட்டேன். அடுத்தடுத்து இழுக்கும்போது தோள் மேலே ஏறுவதை நானே உணர்ந்தேன். இதற்கிடையில், வயநாட்டில் மூங்கில் வில் செய்யும் பெரியவர் ஒருவர் எனக்கும் பன்னிரண்டு வயது மகனுக்கும் வில் செய்து தருவதாகச் சொல்கிறார், ஆனால் அவர் பவுண்டுக் கணக்கு எதுவும் சொல்வதில்லை. இரு கைகளையும் விரித்தால் எனக்கு விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை 65 அங்குலம் வருகிறது. எத்தனை பவுண்டில் தொடங்குவது நல்லது?

கூடலூர் வாசகர்:
ஐயா, விரித்த கையளவைச் சொன்னது நல்லதாயிற்று, கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த அளவை 2.5 ஆல் வகுத்தால் இழுநீளம், அதாவது நாணை முழுவதும் இழுக்கும்போது வரும் நீளம், ஏறத்தாழக் கிடைக்கும். உங்களுக்கு அது 26 அங்குலம். வில்லில் அச்சிட்டிருக்கும் பவுண்டு எண்ணோ 28 அங்குலம் இழுக்கும்போது வரும் விசையைக் குறிப்பது. ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 2 முதல் 3 பவுண்டு குறையும் என்பதால், 30 என்று எழுதிய வில் உங்கள் விரல்களில் 25 பவுண்டு அளவுக்கே இருக்கும். கடையில் நீங்கள் இழுத்ததும் முழு 40 அல்ல, 35க்குச் சற்று முன்பின்னாக இருந்திருக்கும். அதற்கே தோள் ஏறியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது 25 முதல் 30 வரை எழுதிய வில். ஒரு வில்லை இழுக்க முடிகிறதா என்பதைவிட, முழுவதும் இழுத்து, நாண் பிடித்த கையைத் தாடையில் ஊன்றி, கை நடுங்காமல் குறிபார்த்து நிற்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. கால்கள் தரையில் படாதபடி நாற்காலியில் உட்கார்ந்து, உடம்பை முறுக்காமல் இழுத்துப் பாருங்கள். அப்படி முழு இழுவையை எட்ட முடியாவிட்டால் அந்த வில் உங்களுக்கு இப்போதைக்கு அதிகம். ஒரு மாலையில் 60 அம்பு எய்தால், விரலில் 30 பவுண்டு வரும் வில்லில் மொத்தம் 1,800 பவுண்டு, அதாவது 800 கிலோவுக்கு மேல் இழுத்திருப்பீர்கள். தசை சில வாரங்களில் பழகிவிடும், தோள்மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார்களோ அவ்வளவு வேகமாகப் பழகுவதில்லை. விசை கூடிய வில்லோடு தொடங்குபவர் முழு இழுவைக்கு வருமுன்பே அம்பை விட்டுவிடக் கற்றுக்கொள்கிறார், அந்தப் பழக்கத்தைப் பின்னால் மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

மகனுக்கு 12 முதல் 15 பவுண்டு போதும்.

நகரி வாசகர்:
மேலே சொன்னதை வழிமொழிகிறேன், ஒரு குழப்பத்தை மட்டும் விலக்க வேண்டும். வில்வித்தை வீராங்கனை ஜோதி சுரேகா ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023இல் மூன்று தங்கம் வென்ற பிறகு, ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் 50, 60 என்று பவுண்டுக் கணக்குப் பேசுகிறார்கள். அவர் எய்வது காம்பவுண்டு வில். முழுவதும் இழுத்த நிலையில் அதன் விசையில் பெரும்பகுதி தளர்ந்துவிடுவதால், கையில் நிற்பது உச்ச விசையில் கால் பங்கு அளவுக்கே இருக்கும். பழைய பாணி வில்லில் இழுக்க இழுக்க விசை ஏறுமே தவிர இறங்காது, குறிபார்க்கும் நேரத்தில்தான் முழுச் சுமையும் விரலில் இருக்கும்.

கடைக்காரர்கள் 40 என்பதை விடாமல் பிடித்திருப்பதற்கு அமெரிக்கக் காணொளிகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அங்கே பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு இத்தனை பவுண்டுக்குக் குறையக் கூடாது என்று சட்டமே உண்டு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்து, பதினெட்டு மீட்டரில் இருக்கும் வைக்கோல் இலக்குக்கு 25 பவுண்டு தாராளம்.

சித்தூர் (பாலக்காடு) வாசகர்:
எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. எங்கள் பக்கம் கள்ளிறக்க நாள்தோறும் மரம் ஏறுகிறவர்களின் கையில் 25 பவுண்டைக் கொடுத்தால் விளையாட்டுச் சாமான் என்பார்கள். தோப்பில் உழைக்கும் உடம்புக்கு 35 பவுண்டு எப்படி அதிகமாகும்? மிகவும் இலேசான வில்லில் நாண் விரலைவிட்டுத் துப்புரவாகப் பிரியாது என்பதையும் நண்பர்கள் சொல்லவில்லை.

கூடலூர் வாசகர்:
நாண் பிரிவது பற்றி அண்ணன் சொன்னது உண்மை. 15, 18 என்று இறங்கினால் வளர்ந்த ஆளுக்கு அந்தத் தொல்லை வரும். அதனால்தான் 25க்குக் கீழே நான் போகவில்லை. உழைத்த உடம்பு பற்றிய கருத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. மரம் ஏறுவதும் மூட்டை தூக்குவதும் இரு கைகளும் சேர்ந்து செய்யும் வேலை. வில்லிலோ ஒரு கை நீட்டித் தள்ளி நிற்க, மறு பக்கத்துத் தோள்பட்டை எலும்பைச் சுற்றியுள்ள தசைகள் இழுத்த விசையை அசையாமல் தாங்க வேண்டும். அன்றாட வேலை எதிலும் அந்தத் தசைகளுக்கு அப்படியொரு பயிற்சி கிடைப்பதில்லை. பலசாலிகள் கைத்தசையாலேயே இழுத்துச் சமாளித்துவிடுவதால், முதுகால் இழுக்க அவர்கள்தான் தாமதமாகக் கற்கிறார்கள்.

மூங்கில் வில்லையும் விட்டுவிட வேண்டாம். வயநாடு, அங்குள்ள பழங்குடியினரான குறிச்சியர்கள் வில்லெடுத்துப் போரிட்ட மண். 1802இல் பனமரம் கோட்டையைப் பிடித்த குறிச்சியர் தலைவர் தலக்கல் சந்துவின் மரபு. பவுண்டுக் கணக்கை நாமே பார்த்துக்கொள்ளலாம். பயணப்பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் கொக்கித் தராசை நாணின் நடுவில் மாட்டி, அம்பில் 26 அங்குலத்தில் ஒரு கோடு போட்டு, அது வரை இழுத்து எடையைப் படியுங்கள். கிலோவை 2.2 ஆல் பெருக்கினால் பவுண்டு. உங்களுக்கு 11 முதல் 12 கிலோ வரை காட்டினால் எடுத்துக்கொள்ளலாம். கடைசி இரண்டு அங்குலத்தில் எடை திடீரென்று ஏறினால் வில் உங்கள் இழுநீளத்துக்குக் குட்டை என்று பொருள், நீளமாகச் செய்து தரச் சொல்லுங்கள். எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூங்கில் வளைந்தபடியே நின்று விசை குறையும்.

கொழிஞ்சாம்பாறை தோப்புக்காரர்:
மிக்க நன்றி. டேக்டவுன் வாங்கினால் பின்னர் லிம்பை (வில்லின் வளையும் பகுதிகளை) மட்டும் மாற்றிக்கொள்ளலாமா? அம்புகளையும் அப்போது மாற்ற வேண்டி வருமா?

நகரி வாசகர்:
லிம்பை மாற்றலாம், அந்த வில்லின் வசதியே அதுதான். ரைசரை (நடுவில் உள்ள பிடிப் பகுதியை) நல்லதாக வாங்கி, லிம்பை மலிவாக வாங்குங்கள். 28 எழுதியதில் தொடங்கி, ஒரு மாலை முழுவதும் எய்தும் கடைசி அம்பு முதல் அம்பைப் போலவே அமைகிறது என்ற நிலை வந்ததும் நான்கு பவுண்டு மட்டும் கூட்டுங்கள். அம்பின் விறைப்பு உங்கள் விரலில் வரும் விசைக்குப் பொருந்த வேண்டும், வில்லில் எழுதிய எண்ணுக்கு அல்ல. கார்பன் அம்பில் விறைப்பு எண் கூடக்கூட அம்பு அதிகம் வளைந்து கொடுக்கும் என்பதால், உங்கள் விசைக்குப் பெரிய எண்ணாகவே கேளுங்கள். விறைப்பான அம்பு, வலக்கையால் நாண் இழுப்பவருக்கு இடப்பக்கம் விலகும். அதைத் தன் பிழை என்று நினைத்துப் பலர் பிடியை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். நான்கு பவுண்டு கூடும்போது அதே அம்புகள் பெரும்பாலும் ஒத்துழைக்கும், பத்து கூடினால் புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே இப்போதைக்கு ஆறு அம்புக்கு மேல் வாங்க வேண்டாம்.