மாடிக்கு எட்டாத வைஃபை: சொந்தபந்தம் குழுவில் நடந்த பேச்சு

கோபி அத்தை: எல்லோருக்கும் காலை வணக்கம். மாடியறையில் இருந்து வேலை பார்க்கும் என் மகளுக்கு மீட்டிங் நடக்கும்போதெல்லாம் வீடியோ நின்று நின்று வருகிறது. நெட் கொடுத்தவர்களிடம் சொன்னால், 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத் திட்டத்திலிருந்து 300க்கு மாறினால் சரியாகிவிடும் என்கிறார்கள். மாதாமாதம் கூடுதலாகக் கட்டுவதற்கு முன்பு ஈரோட்டுத் தம்பியை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

ஈரோடு சித்தப்பா: அக்கா, திட்டத்தை இப்போது மாற்ற வேண்டாம். நெட் தெருவிலிருந்து வீட்டுக்குச் சரியாக வருகிறதா, வீட்டுக்குள் வந்த பிறகு தேய்கிறதா என்பதை முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம். லேப்டாப்பை லேன் ஒயரில் ரூட்டரோடு நேராக இணைத்து வேகத்தை அளக்கச் சொல்லுங்கள்; பிறகு அதே லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுபோய் வைஃபையில் அளக்கட்டும். ஒயரிலேயே குறைவாக வந்தால் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட வேண்டும். ஒயரில் நன்றாக வந்து மாடியில் மட்டும் குறைந்தால், 300 என்ன, 500 வாங்கினாலும் மாடிக்கு அது ஏறாது.

கோபி அத்தை மகள்: மாமா, இரண்டையும் அளந்துவிட்டேன். ஒயரில் 94 வருகிறது. மாடியில் ஒரு நேரம் 6, ஒரு நேரம் 2, சில நேரம் அளக்கவே முடியவில்லை. ரூட்டர் கீழே ஷோகேஸுக்குள், டிவிக்குப் பின்னால் இருக்கிறது. பக்கத்திலேயே இரும்பு பீரோ நிற்கிறது.

ஈரோடு சித்தப்பா: அம்மிணி, 94 என்பது உங்கள் திட்டத்துக்கு முழு வேகம்தான், ரூட்டரின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால் அதற்கு மேல் காட்டவும் காட்டாது. குறை வீட்டுக்குள்தான் இருக்கிறது. வீடியோ மீட்டிங்குக்கு 4 எம்பிபிஎஸ் வந்தாலே போதும், ஆனால் அந்த 4 விட்டுப்போகாமல் வர வேண்டும். 6க்கும் பூஜ்யத்துக்கும் ஊசலாடுவதால்தான் உன் குரல் அறுந்து அறுந்து கேட்கிறது. டிவியின் பின்தகடும் பீரோவும் அலையைத் திருப்பி அடிக்கின்றன, மிச்சத்தைக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் விழுங்குகிறது. ரூட்டரை ஷோகேஸிலிருந்து வெளியே எடுத்து, படிக்கட்டுக்கு நேராக, தலை உயரத்தில், திறந்த சுவரில் மாட்டுங்கள். குச்சி ஆன்டெனாவின் அலை குச்சியின் நுனியிலிருந்து கிளம்புவதில்லை, அதன் பக்கவாட்டில்தான் பரவும். ஆகவே ஒன்றை நிமிர்த்தியும் இன்னொன்றைப் படுக்கவைத்தும் பாருங்கள், மாடிக்குச் சற்று கூடுதலாகக் கிடைக்கும்.

ஈரோடு சித்தப்பா: இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் ரூட்டர்களும் அதிலேயே நெரிவதாலும், மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலையில் ஓடுவதாலும் இரைச்சல் அதிகம். 5 வேகமானது, ஆனால் தளத்தைத் தாண்டினால் சோர்ந்துவிடும். அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகளைச் சேனல் என்பார்கள்; 2.4இல் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. அவற்றில் பக்கத்து வீட்டார் குறைவாகப் பயன்படுத்துவது எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கோபி அத்தை: வைஃபை சிக்னலைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னார் கடைக்காரர், தம்பி.

ஈரோடு சித்தப்பா: வாங்க வேண்டாம், அக்கா. சாதாரண ரிப்பீட்டர் கேட்பதும் சொல்வதும் ஒரே அலையில்தான் என்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதற்கே சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் வைத்தால் அதுவும் மிஞ்சாது. ரூட்டரிலிருந்து மாடிக்கு கேட் 6 வகை லேன் ஒயர் ஒன்றை இழுத்து, ஒயரில் வரும் நெட்டை அங்கேயே வைஃபையாகத் தரும் ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை முனையில் வைப்பதுதான் நின்று நிலைக்கும் வேலை. கரண்ட் ஒயர் போகும் அதே பைப்பில் மட்டும் இதை விடாதீர்கள், தனிப் பைப் போடச் சொல்லுங்கள்.

பெருந்துறை பெரியப்பா: தம்பி, தோட்டத்தில் மோட்டார் ரூமுக்கு ஒரு கேமரா வைக்க வேண்டும். சாளையிலிருந்து, அதாவது தோட்டத்து வீட்டிலிருந்து, 400 அடி இருக்கும், நடுவில் தென்னந்தோப்பு. அந்த ஒயரையே அங்கேயும் இழுத்துவிடலாமா?

ஈரோடு சித்தப்பா: அண்ணா, லேன் ஒயருக்கு 100 மீட்டர், அதாவது 328 அடிதான் எல்லை. அதோடு, வெட்டவெளியில் செம்பு ஒயரை அத்தனை தூரம் இழுத்தால் இடி இறங்கும் நாளில் இரு முனையிலும் உள்ள கருவிகள் கருகிப்போக வாய்ப்புண்டு. வைஃபை கருவிகளை ஒன்றையொன்று பார்க்க வைத்தும் அனுப்பலாம், ஆனால் மழையில் நனைந்த தென்னோலை அலையைக் குடித்துவிடும், மரத்துக்கு மேலே கம்பம் நட வேண்டியிருக்கும். தண்ணீர் பைப் புதைக்கும் பள்ளத்திலேயே கண்ணாடி ஃபைபர் ஒயரைக் குழாய்க்குள் விட்டுப் புதைத்துவிடுங்கள். கண்ணாடியில் மின்சாரம் பாயாது, தூரமும் ஒரு பொருட்டில்லை.

பெருந்துறை பெரியப்பா: நல்லது. மாதம் ஒரு நாள் மின்வாரியம் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும்போது நெட்டும் போய்விடுகிறதே, அதற்கு என்ன வழி?

ஈரோடு சித்தப்பா: ரூட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது, சில மணி நேரம் தாங்கும். ஃபைபர் லைனில் நடுவழியில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. கம்பெனி முனையில் பேட்டரி இருந்து உங்கள் முனையிலும் கரண்ட் இருந்தால் நெட் ஓடும். ஃபைபர் பெட்டியில் லாஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் மட்டும் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது ரூட்டரை அணைத்து அணைத்துப் போடாமல் உடனே புகார் கொடுங்கள்.

திருப்பூர் அண்ணன்: சித்தப்பா, சரக்கு விஷயமாக அடிக்கடி ரயிலில் போகிறேன். ஸ்டேஷனில் ரயில்வயர் வைஃபை தினமும் முதல் 30 நிமிடம் இலவசமாகக் கிடைக்கிறது, நம்பர் கொடுத்து ஓடிபி போட்டால் போதும். அதில் பார்ட்டிக்குப் பணம் அனுப்பலாமா?

ஈரோடு சித்தப்பா: பில்லையும் மெயிலையும் பார்க்கலாம், கண்ணு. பணம் அனுப்பும்போது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அனுப்பு. வங்கிச் செயலிகள் தகவலைப் பூட்டித்தான் அனுப்புகின்றன என்றாலும், அதே பெயரில் வேறு யாரோ ஒரு வைஃபையை ஏற்றி, போலிப் பக்கத்தைக் காட்டி ஓடிபி கேட்டால் அவசரத்தில் நமக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் அந்தப் பெயரைப் போனிலிருந்து நீக்கிவிடு, இல்லாவிட்டால் அதே பெயரைப் பார்த்ததும் போன் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

கோபி அத்தை மகள்: ஊருக்குள் அப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், மாமா. தேர்வு விண்ணப்பம் போடுவதற்குப் பிள்ளைகள் டவுனுக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

ஈரோடு சித்தப்பா: அதற்கு வழி இருக்கிறது, அம்மிணி, நாம்தான் கேட்பதில்லை. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வாணி திட்டத்தில் டீக்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் உரிமக் கட்டணம் இல்லாமலேயே வைஃபை விற்கலாம். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுவரும் வேலையைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் பார்க்கிறது. நம் ஊராட்சி அலுவலகத்துக்கு லைன் வந்துவிட்டதா, வந்திருந்தால் நூலகத்துக்கும் நீட்டலாமா என்று கிராம சபையில் கேட்டுத் தீர்மானமாகவே எழுதவைக்க வேண்டும்.

பெருந்துறை பெரியப்பா: ஆகஸ்ட் 15 கிராம சபையில் நானே எழுந்து கேட்கிறேன். மனுவை நீ எழுதி அனுப்பு, தம்பி. அம்மிணி, விண்ணப்பம் போட அலையும் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கி வை.

கோபி அத்தை மகள்: வாங்கி வைக்கிறேன், மாமா. ரூட்டரைப் படிக்கட்டுச் சுவரில் மாட்டியாகிவிட்டது, மாடியில் இப்போது 31 வருகிறது. ஒயர் வேலைக்கு எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.