ஸ்ட்ரான்சியம் அலுமினேட் செய்தேன், இருட்டில் ஒளிரவே இல்லை. உதவுங்கள் (அவசரம்)

வெள்ளைப்பொடி:
வணக்கம். ஸ்ட்ரான்சியம் கார்பனேட், அலுமினா, யூரோப்பியம் ஆக்சைடு, டிஸ்புரோசியம் ஆக்சைடு எல்லாம் கணக்குப்படி எடுத்து, அகேட் கல்வத்தில் அரைத்து, உலையில் வைத்தேன். பச்சையாக ஒளிர வேண்டியது, ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளைப் பொடி. இரண்டு தடவை செய்தும் இதே கதை. நாளை மறுநாள் ஆசிரியரிடம் காட்ட வேண்டும். எங்கே தப்பு?

மோல்கணக்கு:
எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், உலைக்குள் என்ன வாயு, எடை என்ன? கணக்குப்படி என்றால் எந்தக் கணக்கு? எதையுமே சொல்லாமல் எங்கே தப்பு என்றால் எப்படி?

சாம்பல்பூனை:
கேட்கவே வேண்டாம், கார்பனேட் சிதையவில்லை. கால்சியம் கார்பனேட் 900 டிகிரிக்குப் பக்கத்திலேயே விட்டுக்கொடுத்துவிடும், ஸ்ட்ரான்சியம் அப்படி இல்லை, தனியாகச் சுட்டால் 1100, 1200 வரை பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும், பேரியம் அதைவிட மோசம். உலை காட்டும் எண்ணை நம்பாதீர்கள். 1400 வைத்துப் பாருங்கள்.

உலைக்காரன்:
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். தம்பி, மன்றத்தின் பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டு வந்திருந்தால் இந்நேரம் இரண்டாவது மூசையே (சுடும் கிண்ணம்) வெந்திருக்கும். சரி, ஒரே ஒரு கேள்வி. புற ஊதா விளக்கில் என்ன நிறம்?

வெள்ளைப்பொடி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். கார்பனேட் 1.432 கிராம், அலுமினா 1.020, யூரோப்பியம் ஆக்சைடு 0.0176, டிஸ்புரோசியம் ஆக்சைடு 0.0373, கலவை எளிதில் இளகிச் சேர இளக்கியாக போரிக் அமிலம் 0.05. 1300 டிகிரி, 3 மணி நேரம். வாயு எதுவும் விடவில்லை, சாதாரண உலைதான். 395 நானோமீட்டர் டார்ச் அடித்தால் சிவப்பு மாதிரி தெரிகிறது, அணைத்தவுடன் போய்விடுகிறது.

மோல்கணக்கு:
எடை சரி. 0.01 மோலுக்கு யூரோப்பியம் 1 சதவீதம், டிஸ்புரோசியம் 2 சதவீதம், ஆக்சைடு ஒரு மூலக்கூறில் இரண்டு அணு என்பதையும் மறக்கவில்லை. பெரும்பாலும் அங்கேதான் வழுக்குவார்கள். சுட்ட பிறகு எடை போட்டீர்களா?

உலைக்காரன்:
சிவப்பு என்றவுடனே முடிந்தது. அது யூரோப்பியம் 3+, மூன்று எலக்ட்ரான் இழந்த அயனி. 610 நானோமீட்டர் பக்கத்தில் சிவப்பாகத்தான் எரியும். உனக்கு வேண்டிய 520 நானோமீட்டர் பச்சை யூரோப்பியம் 2+ தருவது. ஆக்சைடில் இருப்பது 3+, அதைக் காற்றில் சுட்டால் 3+ ஆகவே கிடக்கும். ஒடுக்கும் சூழல், அதாவது 3+ஐ 2+ ஆக்கும் வாயு, இல்லாமல் இதைச் செய்யப் போகிறவர்கள் அடுப்பில்லாமல் சோறு வடிப்பவர்கள்.

படிகம்:
உலைக்காரன் அண்ணன் திட்டினாலும் சொல்வது சரிதான். ஸ்ட்ரான்சியம் 2+ அயனியும் யூரோப்பியம் 2+ அயனியும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 1.18, 1.17 ஆங்ஸ்ட்ராம். அதனால்தான் இந்தப் படிகத்தில் அது வீட்டுக்காரர் போல உட்காருகிறது. 3+ அதைவிட நன்றாகவே சின்னது, மின்சுமையும் பொருந்தாது. இன்னொரு அடையாளம்: சரியாக வந்த பொடி பகல் வெளிச்சத்திலேயே லேசான மஞ்சள் பச்சையாக இருக்கும். சுத்த வெள்ளை என்றாலே சந்தேகப்படலாம்.

சாம்பல்பூனை:
எல்லாம் சரி, ஆனால் கார்பனேட் போய்விட்டதா என்று யாராவது பார்த்தீர்களா? நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் நான் சொன்னதுதான்.

வெள்ளைப்பொடி:
விட்டேன். நுரைக்கிறது.

சாம்பல்பூனை:
😌

வெள்ளைப்பொடி:
ஆனால் சுட்டு எடுத்ததும் போட்ட எடை 2.11 கிராம் என்று நோட்டில் இருக்கிறது.

மோல்கணக்கு:
அப்படியென்றால் இடிக்கிறது. மொத்தம் உள்ளே போனது 2.557. கார்பனேட்டில் 29.8 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, அதாவது 0.427 கிராம். போரிக் அமிலத்தின் தண்ணீர் இன்னொரு 0.02. கழித்தால் 2.11 தான் வர வேண்டும். உலையிலேயே கார்பனேட் முழுதும் போய்விட்டது, அலுமினா பக்கத்தில் இருந்தால் தனியாகச் சுடுவதைவிட எளிதாகவே போகும். பிறகு நுரை எங்கிருந்து? எடை போட்டதற்கும் அமிலம் விட்டதற்கும் நடுவில் பொடியை என்ன செய்தீர்கள்?

வெள்ளைப்பொடி:
ஒன்றும் செய்யவில்லை. போரான் மிச்சம் போக காய்ச்சி வடித்த நீரில் நன்றாகக் கழுவி, இரவு முழுவதும் ஊறவைத்து, காயவைத்தேன்.

உலைக்காரன்:
ஒன்றும் செய்யவில்லையாம்! ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு ஒன்றும் செய்யவில்லையாம்.

படிகம்:
அதுதான் விடை. இந்த அலுமினேட் தண்ணீரில் நீராற்பகுப்பு ஆகும், அதாவது தண்ணீரோடு வினைபுரிந்து சிதையும், கரைசல் காரமாகும், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து மறுபடி ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டாகவே படியும். நீங்கள் பார்த்த நுரை பழைய கார்பனேட் இல்லை, புதிதாகப் பிறந்தது. விற்கிற பொடிகளுக்கு மேற்பூச்சு போடுவதும் இதற்காகத்தான். சாம்பல்பூனையின் சோதனை சரி, தீர்ப்புதான் தப்பு.

மோல்கணக்கு:
ஒடுக்கும் சூழலுக்குச் செய்ய வேண்டியது: சின்ன அலுமினா மூசையில் கலவை, அதைப் பெரிய மூசைக்குள் வைத்துச் சுற்றிலும் கரித்தூள், மேலே மூடி. கரி கலவைக்குள் விழக்கூடாது, விழுந்தால் பொடி சாம்பல் நிறமாகும். கார்பன் மோனாக்சைடு வரும், புகைப்போக்கி ஓடாமல் உலை பக்கம் போகாதீர்கள். குழாய் உலை இருந்தால் நைட்ரஜனில் 5 சதவீதம் ஹைட்ரஜன், அது இன்னும் சுத்தம். முழுக்க ஆறும் வரை மூடியைத் திறக்காதீர்கள். கழுவவே கழுவாதீர்கள்.

உலைக்காரன்:
டிஸ்புரோசியத்தைக் கூட்டிப் போட்டால் ஒளி இன்னும் நேரம் நிற்கும். யூரோப்பியம் ஒளியை வாங்கியதும் விடுகிற துளையை (எலக்ட்ரான் போன காலியிடம்) டிஸ்புரோசியம்தான் பிடித்து வைக்கிறது, 4+ ஆகிறது.

படிகம்:
அண்ணே, அது 1996இல் மட்சுசாவா குழு சொன்ன விளக்கம். அவர்கள் பொருள் அபாரம், பழைய ஒளிர்பொடியான துத்தநாக சல்பைடு மணிக்கணக்கில் நிற்காத இடத்தில் இது நின்றது. ஆனால் விளக்கத்தை 2005இல் டோரன்போஸ் மறுத்துவிட்டார். யூரோப்பியத்திலிருந்து எலக்ட்ரான்தான், எலக்ட்ரான்கள் தாராளமாக ஓடும் கடத்துபட்டைக்குப் போகிறது, டிஸ்புரோசியம் அந்த எலக்ட்ரானைப் பிடிக்கிறது, 2+ ஆகிறது என்பது அவர் வாதம்.

உலைக்காரன்:
நான் இந்தப் பொடியைச் சுடத் தொடங்கியபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள்.

படிகம்:
இருந்திருக்கலாம். அதனால் துளை எலக்ட்ரானாகாமல் இருந்துவிடுமா? அதே 2005இல் கிளபோ குழு ஆக்சிஜன் வெற்றிடங்களே (ஆக்சிஜன் அணு இல்லாத இடங்கள்) பிடித்து வைக்கும் பொறி என்று வேறு சொல்லியிருக்கிறது. துளைதான் என்று அடித்துச் சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

உலைக்காரன்:
பொறி எதுவானாலும் பொடி ஒளிர்ந்தால் சரி.

படிகம்:
அப்படியென்றால் ஆரம்பத்திலேயே ஏன் விளக்கம் சொன்னீர்கள்?

மோல்கணக்கு:
இருவரும் தனி இழை தொடங்குங்கள். வெள்ளைப்பொடி, என்ன ஆயிற்று?

மோல்கணக்கு:
வெள்ளைப்பொடி?

வெள்ளைப்பொடி:
கரி வைத்துச் சுட்டேன், கழுவவில்லை. அடியில் இருந்தது பச்சையாக ஒளிர்கிறது, டார்ச்சை அணைத்து பத்து நிமிடம் கழித்தும் தெரிந்தது. மேல் அடுக்கு மட்டும் இன்னும் வெள்ளை, மூடி சரியாக உட்காரவில்லை போல. அடியை மட்டும் சுரண்டிக் காட்டிவிட்டேன். நன்றி எல்லோருக்கும்.

சாம்பல்பூனை:
எத்தனை டிகிரி வைத்தீர்கள்? 1400ஆ?