சுங்கை சிப்புட் சொந்தங்கள்: பெரியப்பாவுக்குப் போட்ட ஊசி

சாந்தி அத்தை: பவானி, அண்ணனுக்கு நுரையீரல் புற்றுநோய் ஊசி போட்டாச்சா? நேற்று பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு பொடி வாங்கி வைத்திருக்கிறேன். எதிர்ப்புச் சக்தி கூடுமாம். மூட்டுவலியும் இரண்டே நாளில் போய்விடுமாம். கவினை அனுப்பு, கொடுத்துவிடுகிறேன்.

பவானி: போன வாரமே போட்டாச்சு அத்தை. அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மலர்: அத்தை, அந்தப் பொடி வேண்டாம். டப்பாவில் 'மால்' (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள்.

சாந்தி அத்தை: எண் ஒன்றும் இல்லை, இலைப் படம்தான் இருக்கிறது. ஏன் மலர், டாக்டர் போடுவதும் எதிர்ப்புச் சக்தி ஊசிதான் என்று நீதானே சொன்னாய்?

மலர்: சொன்னேன். ஆனால் அந்த ஊசி சக்தியைக் கூட்டுவதில்லை அத்தை. சண்டை போடுகிற செல்கள் பெரியப்பா உடம்பில் ஏற்கெனவே இருக்கின்றன. அவை கட்டி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருகின்றனவா, போன இடத்தில் வேலை செய்ய முடிகிறதா, அதுதான் விஷயம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மலர்: புற்றுநோய் செல்லில் மரபணு பல இடங்களில் மாறிப்போயிருக்கும். அதனால் நம் உடம்பு இதுவரை பார்க்காத புரதத் துண்டுகள் அதில் உண்டாகும். செத்துப்போன புற்று செல்லின் சிதைவுகளை டென்ட்ரிடிக் செல் என்ற ஒரு வகை விழுங்கி, நெஞ்சுக்கு நடுவில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டுபோகும். அங்கே டி செல்கள், நான் சொன்ன அந்தச் சண்டை போடுகிற செல்கள், ஏராளமாக இருக்கும். இந்தத் துண்டை அடையாளம் காணக்கூடிய டி செல் மட்டும் விழித்துக்கொண்டு, சில நாட்களில் ஆயிரக்கணக்காகப் பெருகும்.

ராஜா சித்தப்பா: இது நம் தோட்டத்துப் பெரட்டு மாதிரி அல்லவா இருக்கிறது. விடியற்காலையில் எல்லாரும் வந்து நிற்பார்கள். இன்னாருக்கு இந்த நிரை என்று சொன்ன பிறகுதான் வேலைக்காட்டில் இறங்குவார்கள்.

மலர்: அதேதான் சித்தப்பா.

கவின்: ஆனால் மலர் அத்தை, அது ரத்தத்தில்தானே போகும்? நுரையீரலில்தான் கட்டி என்று அதற்கு எப்படித் தெரியும்?

மலர்: தெரியாது கவின், ரத்தம் ஓடுகிற எல்லா இடத்துக்கும்தான் போகும். கட்டிக்குள் இருக்கிற டென்ட்ரிடிக் செல்லும், மேக்ரோஃபேஜ் என்ற இன்னொரு விழுங்கும் செல்லும் கீமோகைன் என்ற சிறு புரதங்களை வெளியிடும். டி செல்லை இழுப்பதில் முக்கியமானவை சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10. இவற்றை உணர டி செல்லின் மேல் சிஎக்ஸ்சிஆர்3 என்ற ஏற்பி இருக்கிறது. உணர்ந்ததும் ரத்தக் குழாயின் சுவரில் உருண்டு, ஒட்டி நின்று, இடுக்கில் நுழைந்து வெளியே வந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் அது இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தை விடும். அதனால் அங்கே இன்னும் அதிகக் கீமோகைன் சுரக்கும், இன்னும் டி செல்கள் வரும். முதலில் வருகிற சில செல்கள் ஒழுங்காக வேலை செய்தால்தான் பின்னால் கூட்டம் சேரும். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது.

கவின்: அப்புறம் ஏன் தாத்தாவுக்குக் கட்டி வளர்ந்தது?

மலர்: கட்டியும் சும்மா இருப்பதில்லை. சிலருக்கு டி செல்கள் உள்ளே நுழைய முடியாமல் ஓரத்திலேயே நின்றுவிடும். சில கட்டிகள், மற்ற செல்களை அடக்கும் செல்களைத் தாமே வரவழைத்துக்கொள்ளும். அப்படி அடக்குகிற ஒரு வகை டி செல்லைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2025இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். நல்ல உடம்பில் அது வேண்டியதுதான், நம் செல்களை நாமே தாக்காமல் காக்கிறது.

பெரியப்பா பயாப்சியில், புற்று செல்களில் 60 சதவீதத்தின் மேல் பிடி-எல்1 என்ற புரதம் இருப்பதாக வந்தது இல்லையா? டி செல்லின் மேல் பிடி-1 என்று ஓர் ஏற்பி உண்டு. கட்டியின் பிடி-எல்1 அதைத் தொட்டால் டி செல் அடங்கிவிடும். பெரியப்பாவுக்குப் போடும் பெம்புரோலிசுமாப் அந்தத் தொடர்பைத் தடுக்கிறது. பிடி-1ஐ 1992இல் கண்டுபிடித்தது ஜப்பானில் தாசுகு ஹோன்ஜோவின் குழு. அவருக்கும் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது.

சாந்தி அத்தை: கோயில் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் நுரையீரல்தான். அவருக்கு மாத்திரை மட்டும்தானே கொடுக்கிறார்கள்?

மலர்: அவருடைய கட்டியில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்திருக்கலாம் அத்தை. புகைபிடிக்காத ஆசியப் பெண்களிடம் அது அதிகம். அந்த வகைக்கு மாத்திரை நன்றாகக் கேட்கும், இந்த ஊசி பெரும்பாலும் அவ்வளவாகக் கேட்காது. அதனால்தான் முதலில் மரபணுச் சோதனை செய்கிறார்கள்.

இப்போது பொடிக்கு வருகிறேன். பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக நம் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பல முறை எச்சரித்திருக்கிறது. மூட்டுவலி இரண்டே நாளில் போகிறது என்றால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருகிறது. ஸ்டீராய்டு டி செல்லை அடக்கும். ஊசி எழுப்பிவிடுவதை இந்தப் பொடி படுக்க வைத்துவிடலாம்.

சாந்தி அத்தை: ஐயோ, நான் நல்லதென்று நினைத்தேன். குப்பையில் போட்டுவிடுகிறேன். என் மூட்டுவலிக்கும் இனி அது வேண்டாம்.

மலர்: நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா அத்தை? ரொம்ப நாளாகச் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. டப்பாவை எடுத்துக்கொண்டு நாளைக்கே கிளினிக்கில் காட்டுங்கள்.

சாந்தி அத்தை: இன்னும் பிரிக்கவே இல்லை மலர்.

மலர்: நல்லவேளை. அண்ணி, உங்களுக்கு ஒன்று. டி செல்லை அவிழ்த்துவிட்டால் அது சில சமயம் நல்ல நுரையீரலையும் தாக்கும். குடல், தைராய்டு எதையும் விடாது. புதிதாக இருமல், மூச்சு வாங்குதல், வயிற்றுப்போக்கு எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் கழித்தும் வரலாம்.

பவானி: மலர், முந்தாநாளிலிருந்து மாமா இருமுகிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மழையில் நனைந்ததால்தான், யாரிடமும் சொல்லாதே என்றார்.

மலர்: அண்ணி, காலை வரைக்கும் பார்க்க வேண்டாம். ஊசி போட்ட வார்டு எண்ணுக்கு இப்போதே கூப்பிடுங்கள். இம்யூனோதெரபி (இந்த எதிர்ப்புச் சக்தி ஊசி) எடுக்கிறார் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாதாரணச் சளி என்று நினைத்துவிடுவார்கள்.

சாந்தி அத்தை: அப்படி ஏதாவது ஆகியிருந்தால் என்ன மருந்து கொடுப்பார்கள்?

மலர்: ஸ்டீராய்டுதான் அத்தை. ஆனால் ஸ்கேன் பார்த்து, அளவு பார்த்து, படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பவானி: கூப்பிட்டேன். அவசரப் பிரிவுக்கு உடனே அழைத்து வரச் சொல்கிறார்கள். எக்ஸ்ரே எடுப்பார்களாம்.

ராஜா சித்தப்பா: வண்டியை எடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் வாசலில் இருப்பேன். அண்ணனைச் சட்டை மாற்றி உட்கார வை. ஊசி அட்டையை மறக்காதே பவானி.

சாந்தி அத்தை: கவின் இங்கே வந்து படுத்துக்கொள்ளட்டும். நாளைக்கு நானே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன்.