புதுப்பிப்பு: மூன்று புள்ளி உக்னாட் தகராறு

போன வாரம் ஸ்டார் வார்ஸ் மினியேச்சர்ஸில் (ஸ்டார் வார்ஸ் கதாபாத்திரப் பொம்மைகளை வைத்து மேசையில் ஆடும் போர் விளையாட்டு) நண்பனிடம் தொடர்ந்து தோற்றுவிட்டு, "ஃப்ரிஞ்ச் தரப்பே (கூலிப்படையினர் போன்ற உதிரி ஆட்கள்) அநியாயம், அதைத் தடை செய்யணும்" என்று இங்கே புலம்பியிருந்தேன். பலர் சொன்னபடி, படைகளை மாற்றிக்கொண்டு ஆடிப் பார்த்தோம்.

ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு புள்ளி விலை; ஆளுக்கு 100 புள்ளிக்குள் படை சேர்க்கும் ஆட்டம். என் சித் (வில்லன் தரப்பு) படையில் நான்கே பொம்மைகள், அவனுடையதில் பத்து. அதில் ஏழு, தலா 3 புள்ளி உக்னாட்கள் (ஃப்ரிஞ்ச் தரப்பின் மலிவான குட்டி ஆட்கள்). ஒவ்வொரு முறைக்கும் இரண்டிரண்டு பொம்மைகளாக மாறி மாறி இயக்க வேண்டும் அல்லவா? இரண்டே முறையில் என் கை காலி. அவன் உக்னாட்களைச் சும்மா நகர்த்திப் பொழுதை ஓட்டிவிட்டு, நான் முடித்த பிறகு பெரிய ஆளை இறக்குவான். அடுத்த சுற்றில், யார் முதலில் என்று தீர்மானிக்கும் முன்னுரிமைப் பகடையும் அவனுக்கே விழுந்தால், அதே ஆள் மறுபடி அடிப்பான். நான் பதில் சொல்வதற்குள் இரண்டு அடி!

அவன் படையை வைத்துக்கொண்டு முதல் ஆட்டத்தில் தோற்றேன் (பேராசைப்பட்டுப் பெரிய ஆளை முதலிலேயே இறக்கிவிட்டேன்). அடுத்த இரண்டும் எனக்கு. ஆக, பலம் தரப்பில் இல்லை, தலை எண்ணிக்கையில். ஃப்ரிஞ்ச் ஆட்கள் எந்தத் தரப்போடும் சேரலாம் என்பதால் நானும் உக்னாட்களைச் சேர்த்திருக்கலாம். உள்ளே எந்தப் பொம்மை இருக்கும் என்று தெரியாமல் வாங்கிய பெட்டியைப் பிரித்தபோது எனக்கு ஒரு உக்னாட்கூட வரவில்லை, அவ்வளவுதான்.

தடை கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். இனி எங்களுக்குள், இல்லாத பொம்மைக்குப் பதில் பொத்தான் வைக்கலாம். அவன் மூன்று உக்னாட்களை இரவல் கொடுத்திருக்கிறான். ஞாயிறு மறுபடி ஆட்டம்.