1992-ல் இல்லை, 1997-ல் இருந்தது: யாராவது பதில் சொல்லுங்கள்

அருவங்காடு கேட்: நேற்று இன்னொரு இழையில் 'பழைய கோப்பு' எழுதியிருந்தது இது: "பேரழிவு ஆயுத விஷயத்தில் இந்தியா ஒரு நாளும் சொன்ன சொல் மாறியதில்லை. அதனால்தான் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேராமலேயே 2008-ல் அணு வணிகத்துக்கு நமக்கு விலக்கு கொடுத்தார்கள்." படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. அணுவை விடுங்கள், இரசாயன ஆயுதத்துக்கு வருவோம். 1992 ஆகஸ்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன. எங்களிடம் இரசாயன ஆயுதம் இல்லை, இனித் தயாரிக்கவும் மாட்டோம் என்பது அதன் சாரம். 1997 ஜூனில் நாமே, இரசாயன ஆயுதத் தடையைக் கண்காணிக்கும் ஹேக் நகரத்து அமைப்பிடம், ஆயிரம் டன்னுக்கு மேல் மஸ்டர்ட் (தோலைக் கொப்பளிக்க வைக்கும் விஷம்) இருப்பதாகக் கணக்குக் கொடுத்தோம். இடையில் ஐந்தே வருஷம். எங்கிருந்து வந்தது?

பழைய கோப்பு: வந்துவிட்டார். தம்பி, 1993 ஜனவரியில் இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை கையெழுத்துக்கு வந்த உடனேயே போட்ட நாடுகளில் நாமும் ஒன்று. 1996-ல் உறுதி செய்தோம். இருப்பைக் காட்டினோம், சோதனையாளர்களை உள்ளே விட்டோம், 2009-ல் கடைசிச் சொட்டு வரை அழித்தோம். ரஷ்யா முடித்தது 2017-ல். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் அமெரிக்கா 2023 ஜூலையில். இதைவிட நாணயம் வேண்டுமா?

அருவங்காடு கேட்: அழித்ததை யார் கேட்டார்கள்? 1992 பற்றிக் கேட்டேன். மஸ்டர்ட் அப்போதே இருந்தது என்றால் கூட்டறிக்கை பொய். பிறகு செய்தது என்றால் கூட்டறிக்கையை மீறியது. இரண்டில் எது? அப்புறம், என்னைத் தம்பி என்று கூப்பிட வேண்டாம். எனக்குப் பேரன் இருக்கிறான்.

கேத்திக்காரர்: பேரன் இருப்பவருக்கு இராத்திரி ஒரு மணிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாமா?

பழைய கோப்பு: ராஜதந்திரம் புரியாதவரிடம் என்ன பேசுவது? அந்தக் காலத்தில் எந்த நாடு தன் கையிருப்பைத் தண்டோரா போட்டது? மேசையில் பேசும்போது எல்லாரும் கொஞ்சம் மறைத்துத்தான் பேசுவார்கள். ஆனால் நேரம் வந்தபோது நாம் தைரியமாகச் சொன்னோம். குஜ்ரால் அரசு வந்து இரண்டே மாதம், நினைவிருக்கட்டும்.

அருவங்காடு கேட்: "எல்லாரும் மறைப்பார்கள்." ஆக, மறைத்தோம் என்கிறீர்கள். நேற்று "சொல் மாறியதில்லை" என்றீர்கள். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. உடன்படிக்கை 1997 ஏப்ரல் 29-ல் நடைமுறைக்கு வந்தது. வந்த 30 நாளில் உறுப்பு நாடுகள் கணக்குக் காட்ட வேண்டும் என்பது விதி. செக்போஸ்டில் மாட்டின பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து தடை செய்த பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக் கொடுப்பவரை உத்தமர் என்று யாரும் சொல்வதில்லை. அழிப்பதற்கும் 2007 கெடுவைத் தாண்டி நீட்டிப்பு வாங்கித்தான் முடித்தோம். அதை ஏன் எழுதவில்லை?

மலைரயில் ரசிகை: ஒரு சந்தேகம். அருவங்காட்டுத் தொழிற்சாலையில் 1904-லிருந்து கார்டைட் செய்கிறார்களே, அது எந்தக் கணக்கில் வரும்? அதையும் ஹேக் சோதனையாளர்கள் வந்து பார்ப்பார்களா?

கேத்திக்காரர்: அதெல்லாம் பேரழிவு ஆயுதம்தான். சின்ன வயதில் சங்கு ஊதினாலே எங்களுக்குப் பேரழிவுதான், பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும்.

அருவங்காடு கேட்: கார்டைட் தோட்டாவையும் குண்டையும் தள்ளும் மருந்து. இந்தப் பேச்சில் அதற்கு இடமே இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை அந்த கேட்டுக்குள் போய் வந்தது. கிண்டல் வேண்டாம். 1992-க்கு வாருங்கள்.

கேத்திக்காரர்: கோபப்படாதீங்க சார். நானும் ஒன்று சொல்கிறேன். 1936-ல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்தபோதுதான் தபூன் என்ற நரம்பு விஷம் கிடைத்தது. பூச்சிமருந்துக்கும் ஆயுதத்துக்கும் நடுவில் கோடு மெல்லியது. நாளைக்கு என் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும் ஹேக்கிலிருந்து ஆள் வருவார்களோ?

மலைரயில் ரசிகை: வந்தால் நல்லதுதான். நீங்கள் அடிப்பதெல்லாம் கீழே எங்கள் ஓடையில்தான் வந்து சேர்கிறது. கேரட் கழுவுகிற மெஷின் தண்ணீரும் அப்படித்தான். போன மழைக்குச் சொன்னேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை.

கேத்திக்காரர்: ஆரம்பித்துவிட்டீர்களா! வாரத்துக்கு நாலு கிலோ கேரட் வாங்கும்போது இந்த ஓடை நினைவு வராதா?

பழைய கோப்பு: இழை எங்கே போகிறது பாருங்கள். நான் சொல்ல வந்தது இதுதான்: 2016-ல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுக் குழு, 2017-ல் ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் வாசனார் அமைப்பு, 2018-ல் ஆஸ்திரேலியா குழு, மூன்றிலும் நம்மைச் சேர்த்துக்கொண்டார்கள். இரசாயனப் பொருள் ஏற்றுமதியைக் கண்காணிப்பதே ஆஸ்திரேலியா குழுவின் வேலை. உங்கள் 1992 அவ்வளவு பெரிய களங்கம் என்றால் அங்கே நமக்கு நாற்காலி போட்டிருப்பார்களா?

அருவங்காடு கேட்: நாற்காலி கொடுத்தது சந்தைக்காக. அணு எரிபொருள் வழங்கும் நாடுகள் குழுவில் இன்னும் வெளியேதான் நிற்கிறோம், சீனா விடவில்லை. அந்தக் குழு உருவானதே 1974-ல் நாம் பொக்ரானில் வெடித்ததால்தான். இதையெல்லாம் விடுங்கள். முன்பா, பின்பா? ஒரு வார்த்தையில் சொல்ல முடியாதா?

பழைய கோப்பு: பாகிஸ்தான்காரர் மாதிரியே கேட்கிறீர்கள்.

அருவங்காடு கேட்: வந்துவிட்டது பாருங்கள்! பதில் இல்லாதபோது இது வரும். போன வருஷம் மரம் வெட்டும் விவகாரத்திலும் இதையே சொன்னீர்கள். மரம் வெட்டுவதற்கும் பாகிஸ்தானுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பழைய கோப்பு: அந்த மரம் சாய்ந்து விழுகிற நிலையில் இருந்தது. பத்து தடவை சொல்லிவிட்டேன்.

மலைரயில் ரசிகை: சாயவில்லை. நான் தினமும் அந்த வழியாகத்தான் போனேன்.

பழைய கோப்பு: சரி, இரசாயனமே பேசுகிறவர் உயிரியல் ஆயுதத்தை ஏன் தொடுவதில்லை? அந்த உடன்படிக்கை 1975-லேயே நடைமுறைக்கு வந்தது. இன்றுவரை சோதனை முறை ஒன்றுகூடக் கிடையாது. 2001-ல் அதற்கு வழி செய்யும் வரைவை உதைத்துத் தள்ளியது அமெரிக்கா. நாணயம் பற்றிப் பேசுவதானால் அங்கே போய்ப் பேசுங்கள்.

அருவங்காடு கேட்: தனி இழை திறங்கள். அங்கேயும் வருவேன்.