விவால்டி ரெக்கார்டிங்கோடு சேர்ந்து வாசித்தால் அரைக்கட்டை இடிக்கிறது

மார்த்தாண்டம்_வயலின்:
சபை கொயரில் வாசிக்கிறேன். சுசுகி வயலின் பாடநூலின் 4ஆம் புத்தகத்தில் வரும், பழைய இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ஏ மைனர் கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசை) பழகிக்கொண்டிருக்கும்போது, டிரெவர் பின்னக் நடத்திய இங்கிலிஷ் கான்சர்ட் குழுவின் ரெக்கார்டிங் கிடைத்தது. கேட்டதிலிருந்து வேறெதுவும் கேட்கப் பிடிக்கவில்லை. ஆனால் கூடவே வாசிக்கப் போனால் ரெக்கார்டிங் அரைக்கட்டை (கீபோர்டில் அடுத்த கட்டை அளவு) இறங்கி ஒலிக்கிறது. கீபோர்டில் சரிபார்த்துவிட்டேன், என் சுருதி சரிதான். ஏற்றியவர்கள் வேகத்தைக் குறைத்துவிட்டார்களா?

குளச்சல்_கடலோரம்:
வேகத்தில் பிழையில்லை தம்பி. இன்று ஏ தந்திக்கு நொடிக்கு 440 அதிர்வு, இந்தக் குழு மாதிரி பழைய கால வாத்தியங்களில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் 415 வைக்கிறார்கள், அதுதான் அந்த அரைக்கட்டை. தந்தியும் ஆட்டுக்குடலில் திரித்தது. வில் வெளிப்பக்கம் வளைந்து நுனியில் லேசாக இருப்பதால் ஒவ்வொரு ஸ்வரமும் எழும்பிய கையோடு தணிந்துவிடும், கடைசிப் பகுதியில் அவை ஒட்டாமல் தனித்தனியாகத் தெறிப்பதைக் கேளுங்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். 1711இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான 12 கான்செர்ட்டோக்களில் உங்களுடையது ஆறாவது. மற்றதையும் விடாதீர்கள், முக்கியமாக நான்கு வயலின்களுக்கான பத்தாவது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் அதை நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கு (பியானோவுக்கு முந்தைய கீபோர்டு வாத்தியம்) மாற்றி எழுதினார்.

நாகர்கோவில்_சுருதி:
நான் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவன். பாடகர் ஒரு கட்டை என்றால் ஒன்று, ஐந்து என்றால் ஐந்து, எங்களுக்கு இது தினசரி வேலை. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும் வசதி) மைனஸ் 1 வைத்து, அதற்கு நான்கு தந்தியையும் இறக்கிவிடுங்கள், விரல் எதுவும் மாறாது. அப்புறம், 415தான் அந்தக் காலத்துச் சுருதி என்று நினைக்க வேண்டாம். அப்போது ஊருக்கு ஊர் வேறு, ரோமில் இன்னும் தாழ்வு, விவால்டியின் வெனிஸில் இன்றைய 440க்குப் பக்கத்தில். 415 என்பது இன்றைய குழுக்கள் வசதிக்காகப் பொதுவாக வைத்துக்கொண்டது.

மார்த்தாண்டம்_வயலின்:
இறக்கினேன் அண்ணே, அப்படியே ஒட்டிக்கொண்டது! குடல் தந்தி வாங்கிப் போடலாமா?

குளச்சல்_கடலோரம்:
இப்போது வேண்டாம். மழைக்காலத்தில் மிருதங்கம் படுத்துகிற மாதிரி, நம் ஊர் ஈரக் காற்றில் அது சுருதியில் நிற்காது. இருக்கிற வில்லையே அடியிலிருந்து இரண்டு விரல்கடை மேலே தள்ளிப் பிடித்து அந்தக் கடைசிப் பகுதியை வாசித்துப் பாருங்கள்.